அரை மணி நேரத்தைக் காட்டத் தெரியாத கடிகாரம்

இரண்டு வாரம் என் கையில் ஒரு ஒமேகா கடிகாரம் இருந்தது. என்னுடையது அல்ல, வாங்குகிற வசதியும் எனக்கு இல்லை. கப்பலில் தலைமைப் பொறியாளராக இருக்கும் அத்தான் விடுமுறைக்குப் பாளையங்கோட்டை வந்திருந்தார். தோட்டத்து வேலையில் உரசிவிடும் என்று கழற்றி மேசைமேல் வைத்தவர், நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கவனித்து, "சும்மா போட்டுப் பாரும் மாப்பிள்ளை, ஒன்றும் ஆகிவிடாது" என்றார். போட்டது நான், பார்த்தது ஊர். அலுவலகத்தில் மூன்று பேர், கல்யாண வீட்டில் ஐந்தாறு பேர், "எப்படி இருக்கிறது, வாங்கலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

கடிகாரத்தின் முழுப்பெயர் சீமாஸ்டர் பிளானட் ஓஷன் ஜிஎம்டி. கடலில் மூழ்குபவர்களுக்கும், இன்னொரு ஊரின் நேரமும் வேண்டும் என்பவர்களுக்கும் சேர்த்துச் செய்தது; 'ஜிஎம்டி' என்பது அந்த இரண்டாவது நேரத்தைக் குறிக்கிறது. துருப்பிடிக்காத எஃகு, 43.5 மில்லிமீட்டர் அகலம், ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் தடிமன். முழுக்கைச் சட்டை போட்டால் பொத்தான் மாட்டாது. கல்யாணப் பந்தியில் கையை நீட்டிச் சாம்பார் வாங்கும்போது அது இலையை இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. விலை கிட்டத்தட்ட ஒரு புது டிராக்டருக்கு ஆகும்.

முதலில் ஆழம். 600 மீட்டர் வரை தண்ணீர் புகாது என்கிறார்கள். இந்த எண் எனக்குப் புரியவே இல்லை, நம்மூர் அளவுக்கு மாற்றிப் பார்க்கும்வரை. பாபநாசம் அணையின் முழு நீர்மட்டம் 143 அடி. தினமும் காலையில் பேப்பரைப் பிரித்ததும் நாம் தேடுகிற எண் அது. அந்த அணை நிறைந்து நிற்கும்போது எவ்வளவு ஆழமோ, அதைப்போல் கிட்டத்தட்டப் பதினான்கு மடங்கு. அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர்மீதும் சுமார் 60 கிலோ எடை அழுத்தும். நான் இதைக் கட்டிக்கொண்டு இறங்கிய அதிகபட்ச ஆழம் குறுக்குத்துறைப் படித்துறையில் இடுப்பளவு. அதுவும் படியில் பாசி வழுக்கியதால்.

1986 வரை தூத்துக்குடியும் திருநெல்வேலி மாவட்டம்தான். மூழ்குவதைப் பற்றிச் சீமையிலிருந்து யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இடுப்பில் கயிறும் காலில் கல்லுமாக மூச்சைப் பிடித்து முத்துக்குளித்த கடல் அது. முத்துக்குளிப்பு நின்று பல பத்தாண்டுகள் ஆகின்றன; சங்கு குளிப்பது இன்னும் நடக்கிறது. அவர்கள் கையில் இந்த மாதிரிக் கடிகாரத்தை நான் பார்த்ததில்லை. பத்து மணி இடத்தில் ஒரு குட்டித் திருகு துருத்திக்கொண்டிருக்கிறதே, அது ஹீலியம் வாயுவை வெளியேற்றும் வழி. கடலடி எண்ணெய்க் கிணறு வேலைக்காக நாட்கணக்கில் அழுத்த அறைக்குள் தங்கும் தொழில்முறை மூழ்குநர்கள் ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்கிறார்கள். அந்த நுண்ணிய வாயு கடிகாரத்துக்குள்ளும் புகுந்துவிடும். பிறகு அழுத்தத்தைக் குறைக்கும்போது வெளியேற வழியில்லாவிட்டால் கண்ணாடியைத் தெறிக்க வைத்துவிடும். அதற்கான திருகு. மும்பை ஹை கடல் எண்ணெய் வயலில் வேலை செய்பவருக்கு அர்த்தமுள்ளது. வண்ணார்பேட்டை மேம்பாலத்தில் பைக் ஓட்டுபவனுக்கு அது சட்டைக் கையில் சிக்கும் ஒரு முனை, அவ்வளவே.

இதைவிடப் பெரிய குறை வளையத்தில் இருக்கிறது. மூழ்குவதற்கான கடிகாரத்தில் கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தில் அறுபது நிமிடக் கோடுகள் இருக்கும். இறங்கும்போது வளையத்தின் புள்ளியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்துவிட்டால், உள்ளே எத்தனை நிமிடம் ஆயிற்று என்று ஒரே பார்வையில் தெரியும். அது ஒரு பக்கமாக மட்டுமே திரும்பும். தப்பித்தவறி எதிலாவது இடித்துத் திரும்பினாலும், கடந்த நேரத்தைக் கூட்டிக் காட்டுமே தவிரக் குறைத்துக் காட்டாது. மூழ்கியவர் சீக்கிரம் மேலே வந்துவிடுவார், உயிருக்கு ஆபத்தில்லை. மூழ்குநர் கடிகாரங்களுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 6425 அடம்பிடிக்கிற விஷயங்களில் இந்த நிமிடக் கணக்கும் ஒன்று. ஆனால் அத்தானின் கடிகாரத்தில் அந்த வளையத்தில் 24 மணி நேர எண்கள் உட்கார்ந்துவிட்டன. அது இரண்டு பக்கமும் திரும்பும். நிமிடக் கோடுகளுக்கு இடமில்லை. 600 மீட்டர் ஆழம் தாங்கும், ஆனால் ஆறு மீட்டரில் எத்தனை நிமிடம் இருந்தோம் என்று வளையம் சொல்லாது. ஒரே திண்ணையில் இரண்டு குடித்தனம் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

சரி, இரண்டாவது நேரம்? அதற்காகத்தானே இந்தப் பணம்? இங்கேதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

வழக்கமான மூன்று முட்களோடு நான்காவதாக ஒரு முள், 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றும். அது வேறொரு ஊரின் மணியைக் காட்டும். நிமிட முள் ஒன்றுதான், இரண்டு ஊருக்கும் பொது. லண்டனுக்கும் பாரிசுக்கும் ஒரு மணி வித்தியாசம், நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் பெரும்பாலும் ஐந்து. நிமிடத்தில் சிக்கலே இல்லை. நாம் இருப்பதோ யூடிசி என்னும் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால். நம் கணக்கு 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கிறது. 1906-இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு. (திருநெல்வேலி அந்தக் கோட்டிலிருந்து இன்னும் மேற்கே தள்ளியிருப்பதால், சராசரியாகப் பார்த்தால் நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவதே 12 மணி 19 நிமிடத்துக்குத்தான். ஆச்சி "இன்னும் உச்சியாகவில்லை" என்று சொல்லும்போதெல்லாம் சிரித்திருக்கிறேன். அவள்தான் சரி.)

விளைவு என்ன? மேலப்பாளையத்திலும் ஏர்வாடியிலும் வீட்டுக்கு வீடு வளைகுடாவில் ஒருவர் இருக்கிறார். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். டொரோண்டோ பருவத்தைப் பொறுத்து ஒன்பதரை அல்லது பத்தரை பின்னால். நம் பிள்ளைகள் போயிருக்கும் ஊர்கள் எல்லாமே அரை மணியில் தொங்குகின்றன. இங்கே சரியாக எட்டு மணிக்கு, நான்காவது முள் துபாயின் ஆறரையைக் காட்ட வேண்டும். அது ஆறையோ ஏழையோதான் காட்டும். மீதி அரை மணியை நாம் மனக்கணக்காகப் போட வேண்டும். மனக்கணக்குத்தான் என்றால் டிராக்டர் விலை எதற்கு? கொழும்பில் பிள்ளை இருந்தால் தொல்லையில்லை, அங்கேயும் நம் நேரம்தான். அதற்கு நான்காவது முள்ளே தேவையில்லை.

சில ஜிஎம்டி கடிகாரங்களைப்போல் இதிலும் வளையத்தை அரை மணி தள்ளி நிறுத்தி இதைச் சமாளிக்கலாம். ஆனால் வளையம் கொஞ்சம் நகர்ந்தால் எல்லாம் போயிற்று. பேருந்து நெரிசலில் யார் தோளில் உரசியதோ, எனக்கு ஒரு நாள் முழுக்கத் துபாய் இரண்டு மணி நேரம் பிந்திப்போனது.

ஆச்சியின் ஏற்பாட்டையும் சொல்ல வேண்டும். பேத்தி துபாய் போன வாரமே, பூஜை அறைக்கு வெளியே இருந்த சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றை வாங்கி மாட்டச் சொல்லிவிட்டாள். விலை 250 ரூபாய். அதற்கென்று சொந்தமாக ஒரு நிமிட முள் உண்டு.

குறை மட்டும் சொன்னால் பாவம். இயந்திரம் அருமையானது. ஜங்ஷனில் கடிகாரம் பழுது பார்க்கும் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். எச்எம்டி கடிகாரங்களைக் கழற்றி மாட்டியே வாழ்நாளைக் கழித்தவர். 2016-இல் அந்தக் கடிகாரப் பிரிவை மூட அரசு முடிவு செய்தபோது உறவுக்காரர் இறந்ததுபோல் பேசியவர். பின்பக்கக் கண்ணாடி வழியாக, கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். சுருள்வில்லின் விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் கோ-ஆக்சியல் என்னும் விடுவிப்பு அமைப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாராம். ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸ் உருவாக்கி, ஒமேகா 1999-இல் எடுத்துக்கொண்டது. "உரசல் குறைவு தம்பி, எண்ணெய் சீக்கிரம் கெடாது" என்றார். திறந்து பார்க்கிறீர்களா என்று கேட்டதற்கு, "இதைத் திறக்கிற சாமான் என்னிடம் இல்லை, இருந்தாலும் திறக்க மாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். 15,000 காஸ் காந்தப்புலத்தையும் தாங்கும், ஒருமுறை முழுதாகச் சாவி ஏறினால் அறுபது மணி நேரம் ஓடும். என்னிடம் இருந்த இரண்டு வாரத்தில் அரை நிமிடம்கூடப் பிசகவில்லை.

இன்னொன்றும் உண்டு. சாவியை ஒரு படி இழுத்துத் திருப்பினால் மணி முள் மட்டும் துள்ளித் துள்ளி நகரும். நிமிடமும் வினாடியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். இது யாருக்காக என்று அத்தானைக் கேட்டபிறகுதான் புரிந்தது. கப்பல் கிழக்கிலோ மேற்கிலோ போகப்போக, பெரும்பாலும் ஒரு மணி ஒரு மணியாகக் கப்பல் நேரத்தை மாற்றுவார்களாம். அறிக்கைகளுக்கோ யூடிசி நேரம் வேண்டும். நான்காவது முள் யூடிசியில் அசையாமல் நிற்க, மணி முள்ளை மட்டும் ஒரு துள்ளு. அவருக்கு அது பகட்டு அல்ல, தொழில் கருவி. சம்பாதித்தார், வாங்கினார், கட்டுகிறார். அவரிடம் எனக்கு ஒரு சச்சரவும் இல்லை.

ஆகவே கேட்டவர்களுக்கு: கப்பல்காரர் என்றால் வாங்குங்கள். மூழ்குகிறவர் என்றால் நிமிட வளையம் உள்ள கடிகாரத்தை வாங்குங்கள், இதைவிட மலிவாகவே கிடைக்கும். துபாய் மகனின் நேரம் தெரிய வேண்டும் என்றால் ஆச்சியிடம் கேளுங்கள். அழகுக்காக என்றால் அது உங்கள் பணம், நான் யார்? ஆனால் "ஒரே கடிகாரத்தில் இரண்டு உபயோகம்" என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள்.

அத்தான் விடுமுறைக்கு வந்த முதல் நாள் வினாடி முள்ளை நிறுத்தி, நிமிட முள்ளை அரைச் சுற்று தள்ளித்தான் அதை நம் நேரத்துக்குக் கொண்டுவந்தாராம். அப்போதே நான்காவது முள்ளும் யூடிசியிலிருந்து அரை மணி விலகிவிட்டது. விடுமுறை முழுக்க அது அப்படியேதான் கிடந்தது. போன வாரம் சிங்கப்பூரில் கப்பல் ஏறியதும் செய்தி அனுப்பியிருந்தார்: "முட்களைச் சரிசெய்துவிட்டேன் மாப்பிள்ளை. இப்போது நான்கும் ஒழுங்காக நிற்கின்றன."