17 நொடி வீடியோவும் என் அரை மணி நேரமும்

பாலக்கோடு கிரகப்பிரவேசத்தைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்று நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முடியவில்லை. அந்த வீடியோவைச் சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்தாகிவிட்டது. "அண்ணி, அது நீங்களா?" என்று தனியாக மெசேஜ் போட்டுக் கேட்டவர்களே ஒன்பது பேர். நான்தான். பச்சைப் புடவை, மடியில் நீல உல்லன், கையில் ஸ்வெட்டர் பின்னுகிற ஊசி, பின்னால் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு ஒரு சோகப் பாட்டு வேறு. கீழே எழுத்து: "விசேஷத்துலயும் ஃபேக்டரி ஓடுது."

எடுத்தவர் கொழுந்தன் முறை. கிண்டல் பண்ண அவருக்கு உரிமை இருக்கிறது, நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு குடும்ப குரூப்பில் ஒரு பெரியவர் போட்ட வாய்ஸ் மெசேஜ்தான் இன்னும் காதுக்குள்ளேயே இருக்கிறது. "குடும்பத்தைப் பாக்குற பொம்பளைக்கு இதுக்கெல்லாம் ஏதும்மா நேரம்?"

இது கேள்வி இல்லை. கேள்வி கேட்பவர்கள் பதிலுக்குக் காத்திருப்பார்கள். அவர் அதைப் போட்டுவிட்டு அடுத்த நிமிடம் குட்மார்னிங் ரோஜாப்பூ படம் அனுப்பினார்.

பரவாயில்லை, கேட்காவிட்டாலும் பதில் சொல்கிறேன். கணக்கோடு சொல்கிறேன்.

அது என் மகனுக்கான ஸ்வெட்டர். 13 வயது. முதுகுப் பக்கத்துக்கு 92 கண் போட்டிருக்கிறேன் (கண் என்றால் ஊசியில் ஏற்றுகிற நூல் வளையம்), பார்டருக்குப் பத்தாம் நம்பர் ஊசி, அதற்கு மேல் எட்டாம் நம்பர். ஒரு வரிசை முடிக்க எனக்கு நான்கு நிமிடம் ஆகும். தோள் வரைக்கும் 140 வரிசை, அதாவது 560 நிமிடம். முன்பக்கத்துக்கும் அவ்வளவு. இரண்டு கையும் சேர்ந்தால் இன்னொரு அவ்வளவு. மொத்தம் 28 மணி நேரம். ஒரு நாளைக்கு அரை மணி வைத்தால் 56 நாள். ஐப்பசி முதல் வாரம் ஆரம்பித்தேன், மார்கழி பிறந்துவிட்டது, இடது கை இன்னும் பாக்கி. ஏன் பாக்கி? அந்த அரை மணி தினமும் கிடைக்கவில்லை. 47ஆவது கண்ணில் இருக்கும்போது "அம்மா, சாக்ஸ் எங்க?" என்று குரல் வரும். எழுந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். ஐந்து வரிசைக்கு முன்னால் ஒரு கண் நழுவியது தெரியவந்தால், நுனியில் கொக்கி இருக்கிற குரோஷா ஊசியை உள்ளே விட்டு ஏணியில் ஏற்றுவது மாதிரி ஒவ்வொரு படியாக மேலே கொண்டுவர வேண்டும். 56 நாள் கணக்கில் இதெல்லாம் சேரவில்லை.

ஆகவே பெரியவரே, நேரம் ஏது என்றால், அரை மணி. இரவு ஒன்பதேகாலிலிருந்து ஒன்பதே முக்கால் வரை. பாத்திரம் கழுவி, அடுப்பு துடைத்து, மாவு கரைத்து, மறுநாள் களிக்கு ராகி மாவு எடுத்து வைத்து, அத்தைக்கு மாத்திரை கொடுத்த பிறகு. அது என் நேரம். யார் தட்டிலிருந்தும் எடுத்தது இல்லை.

தருமபுரிப் பக்கம் இருக்கிற சொந்தங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் ஊர்க் குளிரும் எங்கள் தேன்கனிக்கோட்டைக் குளிரும் ஒன்றில்லை. பக்கத்துத் தளிக்குக் குட்டி இங்கிலாந்து என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் கேட்க அழகாக இருக்கிறது, காலை நாலரை மணிக்குக் கோலம் போட உட்கார்ந்தால் கோலமாவு விரலுக்குள்ளேயே நமுத்துப்போகும். ஐந்தேகாலுக்கு வீட்டுக்காரரைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். ஐந்தரைக்குப் பையன் சைக்கிளில் டியூஷன் போகிறான், பனியில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. துவைத்த துணி மூன்று நாள் காயாது. வெந்நீர் அண்டாவுக்கு விறகு தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு நடுவில் அவரைக்காய் சீசன். பிதுக்கம்பருப்புக் குழம்பு எல்லோருக்கும் பிடிக்கும். ஊறவைத்த கொட்டையை ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கித் தோலெடுப்பது யார் என்று எந்த வாய்ஸ் மெசேஜும் கேட்டதில்லை. ஒரு வேளைக் குழம்புக்கு ஒன்றரை மணி நேரம். அதற்கு ஏதும்மா நேரம்?

பின்னல் எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கல்யாணமான புதிதில் ஓசூரில் லைன் வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டில் இமாச்சலில் இருந்து வந்த ஒரு அக்கா. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. இரண்டு சைக்கிள் கம்பியைக் கையில் கொடுத்து "சீதா, உல்டா" என்றார். நேராகப் போட்டால் சீதா, திருப்பிப் போட்டால் உல்டா. இரண்டு மாதம் அந்த இரண்டு வார்த்தையிலேயே நாங்கள் பேசிக்கொண்டோம், அழுதுகொண்டும் இருந்தோம், இரண்டு பேருக்கும் அம்மா வீடு தூரம். இன்றைக்கும் நான் "ஒரு சீதா, ஒரு உல்டா" என்று முணுமுணுத்தால் அத்தை, ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று கொஞ்சம் தள்ளித்தான் உட்காருவார். அந்த அக்கா இப்போது எங்கே இருக்கிறாரோ.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

"எல்லாரும் வேலை செய்யும்போது நீ மட்டும் உட்காரலாமா?" இதைக் கேட்கப் போகிறவர்கள் இருக்கிறீர்கள், தெரியும். முதல் நாள் ராத்திரியே பாலக்கோடு போய்விட்டேன். எட்டு கிலோ சின்ன வெங்காயம் மூன்று பேர் உரித்தோம், அதில் ஒருத்தி நான். காலையில் ஹோமத்துக்கு முன்னால் வாசல் கூட்டியது நான். டிபன் பந்தி இரண்டில் சட்னி வாளி தூக்கியதும் நான். பதினொன்றரைக்குச் சாப்பாட்டுப் பந்தி தயாராகிற வரைக்கும் இருபது நிமிடம் உட்கார்ந்தேன். அந்த இருபது நிமிடத்தில் 17 நொடி உங்கள் கையில் இருக்கிறது. ஷாமியானாவுக்குப் பின்னால் காலை ஒன்பது மணியிலிருந்து சீட்டாட்டம் நடந்தது. ஆறு பேர், அதில் இரண்டு பேர் அந்த வீட்டு மாப்பிள்ளைகள். அதற்கு எந்தப் பாட்டையும் யாரும் சேர்க்கவில்லை.

மிகைப்படுத்துகிறேன் என்பவர்களுக்கு மத்திய அரசின் கணக்கே இருக்கிறது. 2019இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று எடுத்தார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஒரு ஆண் 97 நிமிடம். 97 நிமிடமாவது வந்ததே என்று சந்தோஷப்படாதீர்கள். அது வீட்டு வேலையைத் தொட்ட ஆண்களுக்குள் மட்டும் எடுத்த சராசரி. அப்படித் தொட்டவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். மீதி 74 பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள் என்று அதில் எழுதவில்லை, நான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் நல்லவர். இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரைத் திட்டி எழுதியதாகக் கிளப்பிவிடுவீர்கள். ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. "நான் எதையும் தடுக்கறதில்ல, படிக்க, பின்ன எல்லாம் விட்டிருக்கேன்" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் பெருமையாகச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஷட்டில் விளையாடப் போகிறாரே, அவரை யார் விட்டிருக்கிறார்கள் என்று நான் கேட்டதில்லை.

"கடையில ஐநூறு ரூபாய்க்கு ரெடிமேட் கிடைக்குதே?" கிடைக்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள்.

"பொம்பளைங்க ஊசிநூல் வேலை" என்று சிரித்த தம்பிக்கு மட்டும் ஒரு வார்த்தை. நீங்கள் அன்றைக்குப் போட்டிருந்த டீ-ஷர்ட்டை லேசாக இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். குட்டிக் குட்டியாக ஆங்கில வி எழுத்து வரிசையாகத் தெரியும். அது பின்னல். என் மடியில் இருந்த அதே சீதாதான், திருப்பூரில் மெஷின் போட்டது. அதற்குப் பெயரே பின்னலாடை. காலுறை பின்ன முதன்முதலில் இயந்திரம் கண்டுபிடித்தவரும் ஒரு ஆண்தான், வில்லியம் லீ என்ற இங்கிலாந்துப் பாதிரியார், 1589இல். வேட்டிக்குள்ளே இருக்கிற பனியனும் பின்னல்தான் பெரியவரே.

எனக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களும் பாதி நேரம் கோபத்தைத்தான் கிளப்புகிறார்கள். "சும்மா போன் நோண்டிட்டு இருக்காம இது எவ்வளவோ மேல்" என்று ஒரு அக்கா. போன் நோண்டினாலும் என் அரை மணிதான். "ஆர்டர் எடுத்துப் பண்ணலாமே, மாசம் ரெண்டாயிரம் வருமே" என்று இன்னொருவர். இது இன்னும் மோசம். காசு வந்தால் அது தொழில், அப்போது மண்டபத்தில் உட்கார்ந்து பின்னினாலும் "பாவம், எவ்வளவு உழைக்குது" என்பீர்கள். எங்கள் பக்கத்தில் ஆட்டு ரோமத்தை நூற்றுக் கம்பளி நெய்து பிழைத்த குறும்பர் குடும்பங்கள் உண்டு, அவர்கள் வேலை முன்னால் என் பின்னல் ஒன்றுமே இல்லை. அது பிழைப்பு, இது என் விருப்பம். விருப்பம் என்ற வார்த்தையைத்தான் யாராலும் விழுங்க முடியவில்லை.

போன வருடம் டியூஷன் வாசலில் மகள் முக்கால் மணி நேரம் பனியில் நின்ற கதையை யாராவது கமெண்டில் கொண்டுவருவீர்கள். நான் புத்தகத்தில் மூழ்கி நேரத்தை மறந்தேன், உண்மை. தப்பு. அவளுக்கு இரண்டு நாள் காய்ச்சல் அடித்தது. அதை நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை.

புத்தகம் என்றதும் ஞாபகம் வருகிறது. நூலக அறிவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன், சீர்காழிக்காரர், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதி சொன்னார். நான்காவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமி. கிளை நூலகச் சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்து அங்கேயே நின்று சிரித்தேன். நூலகத்தில் அவர் சேமித்துக் கொடுத்த நேரத்தை வீட்டு வாசலில் வாங்கி வைத்துக்கொள்ள எத்தனை பேர்! நேர் வரிசை போகும்போது புத்தகத்தை ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைத்துக்கொண்டு படிப்பேன். பக்கம் திருப்பத்தான் கை போதாது.

என் அம்மாவுக்கு அந்த ஊறுகாய் ஜாடி கூட வாய்க்கவில்லை. அம்மா வயர் கூடை போடுவதில் கெட்டிக்காரி. சிவன் கண் முடிச்சு போட்டுப் பின்னிய கூடை எங்கள் சொந்தத்தில் இல்லாத வீடு கிடையாது. யாரும் அவளிடம் நேரம் ஏது என்று கேட்கவில்லை, கூடை அவர்கள் வீட்டுக்குப் போனதே! படிப்பதற்குத்தான் ஒளிய வேண்டியிருந்தது. வாரப் பத்திரிகையை அரிசி டிரம்முக்குள் வைத்திருப்பாள். அடுப்படியில் நின்றுகொண்டே தொடர்கதை படிப்பாள், நான் திண்ணையில் காவல். தெருமுனையில் அப்பாவின் டிவிஎஸ் வண்டிச் சத்தம் கேட்டால் "அம்மா, வண்டி" என்பேன். பத்திரிகை அரிசிக்குள் போகும். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. அரிசி வாசம் அடிக்கிற பத்திரிகைதான் எனக்குத் தெரிந்த முதல் பத்திரிகை. அப்பா அடித்ததில்லை, கத்தியதுகூட இல்லை. "வேலையெல்லாம் முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்பார். அதுவும் கேள்வி மாதிரிதான் இருக்கும்.

அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் ஊர் என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். எங்கள் வீட்டில் ஒரு தொடர்கதையை முடிக்க அரிசி டிரம் வேண்டியிருந்தது.

இவ்வளவையும் நான் எழுதக் காரணம் அந்த வீடியோ இல்லை போலிருக்கிறது. எழுதிக்கொண்டு வரும்போதுதான் தெரிகிறது. பாலக்கோட்டிலிருந்து திரும்பி வந்த மறுநாள் இரவு, கூடத்தில் உட்கார்ந்து இடது கையை ஆரம்பித்தேன். மகள் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது படிக்கிறாள். உள்ளே அத்தை கட்டிலில் இருந்து இறங்குகிற சத்தம். மகள் தலையைத் தூக்காமலே, எழுதிக்கொண்டே, மெதுவாகச் சொன்னாள், "அம்மா, ஆயா வர்றாங்க."

நான் ஒரு நாளும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. என் கை தானாக நூல்கண்டைத் தலையணைக்கு அடியில் தள்ளியது. அத்தை தண்ணீர் குடிக்கத்தான் வந்தார், குடித்துவிட்டுப் போய்விட்டார். நான் எண்ணிக்கையை விட்டுவிட்டேன். அன்றைக்கு அதற்கு மேல் ஓடவில்லை.

நேற்றிலிருந்து நூல் பையைக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். அம்மா போட்ட பச்சை வெள்ளைக் கூடைதான் பை. அத்தை இரண்டு முறை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

தை மாதம் ராயக்கோட்டையில் காதுகுத்து இருக்கிறது, எல்லோரும் வருவீர்கள். நானும் கூடையோடுதான் வருவேன். வீடியோ எடுக்கிற தம்பிக்கு ஒரு வேண்டுகோள், இந்தமுறை எனக்கு வலது பக்கமாக நின்று எடுங்கள். இடது பக்கத்திலிருந்து எடுத்ததில் உல்டாதான் தெரிகிறது.