கரஸுக்கு மாறும் முன்: கிளாஸை விடுங்கள், காலண்டரைப் பாருங்கள்

வேலை பார்த்துக்கொண்டே டிகிரியை முடிக்க வேண்டும், ரெகுலர் காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு தொலைநிலைக் கல்விக்கு, அதாவது கரஸுக்கு, மாறலாமா என்று கேட்பவர்களின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "கிளாஸுக்குப் போகணுமா?"

பி.ஏ., பி.காம். மாதிரி படிப்புகளில் கிளாஸ் ஒரு பிரச்சினையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்டடி சென்டர் பக்கம் தலைகாட்டாவிட்டாலும் யாரும் உங்களைத் தேடப்போவதில்லை. கழுத்தைப் பிடிப்பது வேறு இரண்டு. ஒன்று, ஏற்கெனவே பாஸ் செய்த பேப்பர்கள் புது இடத்தில் செல்லுமா என்பது. இன்னொன்று, உங்கள் ஷிப்டுக்காக நகராத தேதிகள்.

முதலில் பேப்பர் கதை. "ஏபிசி வந்துவிட்டது, படித்த கிரெடிட் எங்கேயும் போகாது" என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பாதிதான் உண்மை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2021இல் கொண்டுவந்த அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸில் (அதுதான் ஏபிசி), பாஸ் செய்த பேப்பருக்குக் கிடைக்கும் புள்ளியான உங்கள் கிரெடிட் அதிகபட்சம் 7 ஆண்டுகள் உயிரோடு இருக்கும். ஆனால் அதை உங்கள் பழைய பல்கலைக்கழகம் ஏற்றியிருக்க வேண்டும். டிஜிலாக்கர் வழியாக உள்ளே போய்ப் பாருங்கள். பல பேருக்கு அங்கே பூஜ்ஜியம்தான் இருக்கும். ஏறியிருந்தாலும், சேரப்போகும் பல்கலைக்கழகம் அந்தப் பேப்பர் தன் பேப்பருக்குச் சமம் என்று ஒப்புக்கொண்டால்தான் ஆயிற்று. பேங்கில் பணம் இருக்கிறது, கடைக்காரர் அந்த நோட்டை வாங்க வேண்டுமே! அதோடு, பட்டம் தரும் நிறுவனத்திலேயே குறைந்தது 50% கிரெடிட் எடுத்திருக்க வேண்டும் என்பதும் விதி. ஐந்து செமஸ்டர் முடித்துவிட்டு கடைசி ஒன்றை மட்டும் வேறு இடத்தில் எழுதி அங்கே பட்டம் வாங்குவது நடக்காது.

என் கணக்கு இது. முதல் வருடத்தோடு நின்றவர்கள் கிரெடிட் டிரான்ஸ்பருக்கு அலைய வேண்டாம்; பிளஸ் டூ மார்க்‌ஷீட்டை வைத்துப் புதிதாகச் சேர்ந்துவிடுங்கள். மிச்சமாவது அதிகபட்சம் ஒரு வருடம். அதற்காக சிலபஸ் காப்பி, சீல், பேப்பர் சமமா என்று பார்க்கும் ஈக்விவலன்ஸ் கமிட்டி என்று காத்திருக்கும்போது அந்த அட்மிஷன் சீசனே போய்விடும், மிச்சம் பிடித்த வருடமும் அதோடு போகும். நான்கு செமஸ்டர் சுத்தமாக முடித்தவர்கள், 50% விதிப்படி பாதிக்கு மேல் வராது என்றாலும், கட்டாயம் போராட வேண்டும். ஆறு செமஸ்டரும் காலேஜ் போய் அரியர் மட்டும் வைத்திருப்பவர்கள் மாறவே கூடாது. நான்கு அரியருக்குப் பயந்து மூன்று வருடப் படிப்பைத் திரும்பத் தொடங்குகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அட்டெண்டன்ஸ் முடிந்துவிட்டது, இனி பரீட்சை மட்டும்தானே? பீஸ் கட்டி எழுதுங்கள்.

காலையில் மட்டும் வேலை இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, யாரும் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் நிறைய அரசு உதவிபெறும் கல்லூரிகளில் ஷிப்ட் 2 மதியத்துக்கு மேல்தான் தொடங்கும். அதே பல்கலைக்கழகம், அதே கோர்ஸ், சீட் காலி என்றால் இரண்டு பிரின்சிபால்களின் சம்மதத்தோடும் பல்கலைக்கழக அனுமதியோடும் கல்வியாண்டுத் தொடக்கத்தில் மாறலாம். முன்பு எடுத்த பேப்பர்கள் பெரும்பாலும் அப்படியே வரும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் மட்டும் சிலபஸ் வேறாக இருக்கும், ஓரிரு பேப்பர் கூடுதலாக எழுதச் சொல்வார்கள்.

இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவர்களுக்கு ஒன்று. பி.இ.யைத் தொலைநிலையில் முடிக்க வழியே இல்லை. இன்ஜினியரிங், மருத்துவம், நர்சிங், சட்டம், பார்மசி எதையும் தொலைநிலையில் நடத்த யுஜிசியின் 2020 விதிமுறைகள் அனுமதிப்பதில்லை. "ரெண்டு வருஷம் முடிச்சிருக்கீங்களா? ஒரே வருஷத்துல டிகிரி, கிரெடிட் டிரான்ஸ்பர் நாங்க பாத்துக்கறோம்" என்று மாடிப்படிக்குக் கீழே போர்டு மாட்டியிருக்கும் இடங்களை நம்பாதீர்கள். தொலைநிலைப் படிப்புகளை வெளி ஆட்களுக்கு ஃபிரான்சைஸ் கொடுத்து நடத்தவே தடை இருக்கிறது. பணத்தைப் பல்கலைக்கழக இணையதளத்தில் நேராகக் கட்டச் சொல்லாமல் ஒருவர் தன் ஜிபே நம்பரைக் கொடுத்தாலே கிளம்பிவிடலாம். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தப் படிப்புக்கு அனுமதி என்ற பட்டியல் யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் வருடவாரியாக இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, உங்கள் படிப்பும் நீங்கள் சேரும் சீசனும் அதில் இருக்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைப் படிப்பைத் தங்கள் மாநிலத்துக்குள்தான் நடத்தலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவுக்கும் ஆன்லைன் டிகிரிகளுக்கும் அந்த எல்லை கிடையாது.

காலேஜை விட்டு வெளியே வரும்போது டிசி, கண்டக்ட், எல்லா செமஸ்டர் மார்க்‌ஷீட், வேறு பல்கலைக்கழகம் என்றால் மைக்ரேஷன் சர்டிபிகேட், இதெல்லாம் எல்லாரும் கேட்டு வாங்குவார்கள். மறப்பது சிலபஸ் காப்பியை. கிரெடிட் டிரான்ஸ்பர் கேட்பதாக இருந்தால், நீங்கள் படித்த பேட்சுக்கான சிலபஸ், பாஸ் செய்த ஒவ்வொரு பேப்பருக்கும், காலேஜ் சீலோடு வேண்டும். இரண்டு வருடம் கழித்துப் போய்க் கேட்டால் புது சிலபஸை நீட்டுவார்கள், பேப்பர் கோடு பொருந்தாது. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018 அக்டோபரிலேயே அறிவித்திருக்கிறது. கேட்கும்போது வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்து நம் ஊருக்கே உரிய தலைவலி: இனிஷியல். 2024 முதல் தொலைநிலை, ஆன்லைன் படிப்பில் சேர டிஇபி ஐடி (யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தளத்தில் எடுக்கும் மாணவர் எண்) கட்டாயம். அதற்கு ஏபிசி ஐடி வேண்டும், ஏபிசி ஐடி ஆதாரிலிருந்து வருகிறது. பிளஸ் டூ மார்க்‌ஷீட்டில் "கார்த்திக் எஸ்", ஆதாரில் "எஸ் கார்த்திக்", இன்னொருவருக்கு ஆதாரில் அப்பா பெயரே முழுசாக "கார்த்திக் செல்வம்". கம்ப்யூட்டருக்கு இது மூன்று ஆள். அட்மிஷன் கடைசி வாரத்தில் இதைக் கண்டுபிடித்தால் ஆதார் திருத்தம் வருவதற்குள் போர்ட்டல் மூடிவிடும். ஆகவே மாறலாம் என்று தோன்றிய அன்றே, மார்க்‌ஷீட்டில் இருக்கிற மாதிரி ஆதாரில் பெயரை, எழுத்து எழுத்தாகச் சரிசெய்யுங்கள்.

இனி அந்த நகராத தேதிகள். இக்னோவையே எடுத்துக்கொள்வோம், வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் தேடிப் போவது அங்கேதான். ஜனவரி, ஜூலை என்று இரண்டு அட்மிஷன். ஜூன், டிசம்பர் என்று இரண்டு பரீட்சை. மூன்று வருட பி.ஏ.வை 6 வருடம் வரை இழுக்கலாம். கேட்க சொகுசாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பேப்பர்களில் மார்க்கில் 30% அசைன்மென்ட், 70% பரீட்சை, டிகிரிப் படிப்பில் இரண்டிலும் தனித்தனியாக 35% எடுக்க வேண்டும். பரீட்சையில் 60 வாங்கிவிட்டு அசைன்மென்ட் வைக்காதவருக்கு அந்தப் பேப்பர் முடியாமலே கிடக்கும். அசைன்மென்ட்டைக் கையால் எழுத வேண்டும். அந்தந்த சீசனுக்கான கேள்வித்தாளை இறக்க வேண்டும். நண்பரின் போன வருடக் கேள்விக்குப் பதில் எழுதிக் கொடுத்தால் அவ்வளவு உழைப்பும் குப்பைக்கு. முதல் பக்கத்தில் என்ரோல்மென்ட் நம்பர், கோர்ஸ் கோடு, ஸ்டடி சென்டர் கோடு மூன்றும் இருக்க வேண்டும். கொடுத்ததற்கு ரசீதோ மெயிலோ, ஏதாவது ஒன்று கையில் இருக்கட்டும், கிரேடு கார்டில் மார்க் ஏறும்வரை தூக்கிப் போடாதீர்கள்.

ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் வேறு, எக்ஸாம் ஃபார்ம் வேறு என்பதில் வருடாவருடம் ஒரு கூட்டமே விழுகிறது. அடுத்த வருடத்துக்குப் பணம் கட்டினால் ஹால் டிக்கெட் தானாக வரும் என்று நினைக்கிறார்கள். வராது. எக்ஸாம் ஃபார்மில் எந்தப் பேப்பர் என்று நீங்களே டிக் செய்து, பேப்பருக்கு இவ்வளவு என்று தனியாகக் கட்ட வேண்டும். அதேபோல, முதல் வருடப் பரீட்சை எழுதவில்லை என்பதற்காக இரண்டாம் வருட ரீ-ரெஜிஸ்ட்ரேஷனைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு உண்மையான கண்டம் தேர்வு அட்டவணைதான். பரீட்சை ஒரு மாதத்துக்கும் மேலே இழுக்கும். காலை 10 முதல் 1, மதியம் 2 முதல் 5 என்று இரண்டு வேளை. விட்டுப்போன முதல் வருடப் பேப்பரும் இந்த வருடப் பேப்பரும் ஒரே நாள் ஒரே வேளையில் விழுந்தால், ஒன்றைத்தான் எழுத முடியும். அதனால் எட்டு பேப்பரையும் ஒரே மூச்சில் போடாமல் ஜூனில் நான்கு, டிசம்பரில் நான்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். டேட் ஷீட் வந்த அன்றே அதைப் பிரின்ட் எடுத்து, தேதிகளில் வட்டம் போட்டு, லீவ் லெட்டரோடு சூப்பர்வைசரிடம் கொடுத்துவிடுங்கள். நைட் ஷிப்ட் முடித்து நேராகப் போய் பத்து மணி பரீட்சையில் உட்காரலாம் என்று திட்டம் போடுவது முதல் நாள் மட்டும்தான் பலிக்கும்.

லேப் இருக்கிற பி.எஸ்சி., பி.சி.ஏ. என்றால் மேலே சொன்ன எல்லாமே இன்னும் இறுகும். பிராக்டிகலுக்கு அட்டெண்டன்ஸ் கட்டாயம், அதுவும் சில சமயம் தொடர்ந்து பல நாள் வைப்பார்கள். சேருவதற்கு முன்பே ஸ்டடி சென்டருக்கு நேரில் போய், போன வருடம் லேப் எந்த மாதம், எத்தனை நாள், வார நாளா விடுமுறை நாளா என்று கோஆர்டினேட்டரிடம் கேளுங்கள். புரோஷரில் இது இருக்காது.

அரசு வேலை நோக்கம் இருப்பவர்களுக்குக் கடைசியாக. அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, ஆன்லைன் பட்டங்கள் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. தமிழக அரசுப் பணிக்கு மட்டும் பத்தாவது, பிளஸ் டூ, பிறகு டிகிரி என்ற வரிசை வேண்டும். 2009 அரசாணை அதைத்தான் சொல்கிறது. பிளஸ் டூ முடிக்காமல் ஆயத்தப் படிப்பு வழியாக டிகிரிக்குள் நுழையும் எண்ணம் இருந்தால், முதலில் தனித்தேர்வராகப் பிளஸ் டூவை எழுதிவிட்டு அட்மிஷன் போடுங்கள். டிகிரி முடித்த பிறகு எழுதினால் அந்த வரிசை திரும்ப வராது.

உங்கள் கோர்ஸ், எத்தனை செமஸ்டர் முடிந்தது, எத்தனை அரியர், வேலை எந்த ஷிப்ட், இந்த நான்கையும் கமென்ட்டில் போடுங்கள். ஏபிசி நம்பரையும் ஆதார் போட்டோவையும் தயவுசெய்து போடாதீர்கள்.