கார்த்திக்கில் கார் இல்லை

"கார்த்திக்னா கார்மேக நிறம்தானே?" பெயர் தேடும் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. இல்லைங்க. கார்த்திகைப் பெண்கள் அறுவர் வளர்த்ததால் முருகன் கார்த்திகேயன். வேர்ச்சொல் கிருத்திகா என்ற நட்சத்திரக் கூட்டம். கார் நிறம்தான் வேண்டுமென்றால் கார்மேகம், கார்வண்ணன், கார்முகிலன் என்று வைக்கலாம்.

நிறப்பெயர்களில் பாதிக் குழப்பம் காதால் பொருள் சொல்வதில் வருகிறது. மஞ்சுளாவில் மஞ்சள் கிடையாது. மஞ்சுளம் என்றால் வடமொழியில் அழகானது, இனிமையானது. பசுபதியில் பசுமை இல்லை, கருணாகரனில் கருமை இல்லை. கௌரி வெண்மையும் பொன்மையும் கலந்த நிறம்; கௌரவ் அதன் ஆண்பால் அல்ல. அது 'குரு' என்ற சொல்லிலிருந்து வந்தது, கனம், மதிப்பு என்று பொருள். சீதாவை வெண்மை என்று சொல்பவர்களும் உண்டு. வெண்மையைக் குறிக்கும் 'ஸித' குறில். சீதா நெடில், ஏர் உழுத சால் என்று பொருள். ஜனகர் உழும்போது கிடைத்தவள் என்ற கதை பெயரிலேயே இருக்கிறது.

ஆகவே முதலில் பெயர் தமிழா வடமொழியா என்று பிரியுங்கள். தமிழென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924–36) போதும். வடமொழியென்றால் தமிழ் எழுத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் ஒரு 'க' அங்கே நான்கு எழுத்து. தேவநாகரி எழுத்தில் எப்படி எழுதுவார்கள், குறிலா நெடிலா என்று பார்த்துவிட்டுத்தான் அகராதியைத் திறக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் போடும் தளங்கள் இந்த இரண்டு நிமிட வேலையைக்கூடச் செய்வதில்லை என்பதுதான் எரிச்சல்.

வேரைப் பிடித்துவிட்டால் சுவையான சங்கதிகள் கிடைக்கும். ரோகிணி என்றால் சிவந்தவள். அந்த நட்சத்திரம் இரவு வானில் தெரியும்போது பார்த்தால் செம்மஞ்சளாகத்தான் மின்னும். ரோஹித், லோஹித் இரண்டும் ஒரே சொல்தான், ர-வும் ல-வும் இடம் மாறியிருக்கின்றன. அர்ஜுனன் என்றால் வெண்மை. மருத மரத்துக்கும் வடமொழியில் அர்ஜுனம் என்றே பெயர், பட்டை வெளிறியிருக்கும். திருவிடைமருதூருக்கு மத்தியார்ஜுனம் என்ற பெயர் வந்தது அப்படித்தான். மகாபாரத விராட பருவத்தில் விராட மன்னனின் மகன் உத்தரன் கேட்க, அர்ஜுனன் தன் பத்துப் பெயர்களுக்கும் காரணம் சொல்கிறான். அர்ஜுனன் என்ற பெயருக்கு அவன் சொல்வதில், தான் செய்யும் செயல் வெண்மையானது, அதாவது மாசற்றது என்பதும் ஒன்று. பத்தாவது பெயர் கிருஷ்ணன். கருநிறப் பிள்ளை மேலிருந்த பிரியத்தில் அப்பா வைத்தது. அந்த அப்பாவின் பெயர் பாண்டு, வெளிறியவன். மனைவி திரௌபதிக்கும் கிருஷ்ணை என்று பெயருண்டு. ஒரே வீட்டில் வெள்ளையும் கறுப்பும் இப்படிக் கலந்து கிடக்க, 'பெயரில் வெள்ளை இருந்தால் ஆள் வெள்ளை' என்று எப்படிச் சொல்வது?

தமிழ்ப் பக்கம் வேறு சிக்கல். 'செம்மை' என்ற சொல் சிவப்பையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். செங்கோல் சிவப்புக் கோல் அல்ல, வளையாத கோல். எதிர்ச்சொல் கொடுங்கோல், அதாவது வளைந்தது. செந்தமிழனில் இருப்பதும் இந்தச் செம்மைதான். ஆனால் செங்கதிர், செந்தாமரை இரண்டிலும் சிவப்பு. செங்கோடன் திருச்செங்கோட்டின் செந்நிற மலையிலிருந்து வந்த பெயர். ஆகவே 'செம்', 'செந்', 'செங்' என்று தொடங்கினால் பின்னால் வரும் சொல்லைப் பாருங்கள்: பூ, மலை, கதிர் என்றால் நிறம்; தமிழ், கோல் என்றால் பண்பு.

இன்னொன்று, நிறங்களின் எல்லை நாம் இன்று நினைப்பதுபோல இருந்ததில்லை. திருமால் திருமோகூரில் காளமேகப் பெருமாள், திருக்கண்ணபுரத்தில் நீலமேகப் பெருமாள், காஞ்சிபுரத்தில் பச்சைவண்ணப் பெருமாள். கறுப்பு, நீலம், பச்சை எல்லாம் ஒரே சாமிக்கு! வடமொழி 'நீல'மே கருநீலம் முதல் கறுப்பு வரை இழுபடும் சொல். நீலமேகம் என்று பெயர் வைத்தவர்கள் மழைக்கருமுகிலை நினைத்தார்கள், தெளிந்த வானத்தை அல்ல. பச்சையம்மாள், பச்சையப்பன், பச்சைமுத்து என்ற பெயர்களுக்குப் பின்னாலும் பெரும்பாலும் ஒரு தெய்வம் இருக்கும். வட மாவட்டங்களில் பச்சையம்மன். மதுரைப் பக்கம் மரகதம், மரகதவல்லி என்றால் மீனாட்சியின் பச்சை மேனி.

கருப்பன், கருப்பையா, கருப்பாயி, சின்னக்கருப்பன், பெரியகருப்பன் பெயர்களுக்கு வருவோம். தென் மாவட்டங்களில் இவை குழந்தையின் தோலைப் பார்த்து வைத்தவை அல்ல, காவல் தெய்வம் கருப்பசாமிக்கு நேர்ந்து வைத்தவை. அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு வேண்டிப் பிறந்த பிள்ளை சிவப்பாக இருந்தாலும் கருப்பன்தான். இந்தப் பெயரை வெட்கப்பட்டு மாற்றிவிட்டு, பேரனுக்கு ஷ்யாம், பேத்திக்கு சியாமளா என்று வைக்கிறார்களே, அதுதான் எனக்குப் புரிவதில்லை. ஷ்யாம் என்றாலும் கருநிறம், கிருஷ்ணா என்றாலும் கறுப்பு. காளியும் அதுவே. நிறம் மாறவில்லை, மொழிதான் மாறியது.

எழுத்தைப் பற்றியும் சண்டை நடக்கிறது, கருப்பா கறுப்பா என்று. தொல்காப்பியம் 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்கிறது. கோபத்தைக் குறிக்கும் சொற்கள் என்று சொல்லிவிட்டு, நிறத்தைச் சொல்லவும் உரியவை என்று அடுத்துச் சேர்க்கிறது. அங்கே வல்லின 'று'. ஆனால் 'கருமை' என்ற இடையின வேரும் பழையதுதான். கருமுகில், கருங்கல் எல்லாம் அதில் வந்தவை. எனவே பெயரில் கருப்பையா என்று இருப்பதைப் பிழை என்று திருத்தக் கிளம்ப வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் 'ரு', 'று' இரண்டில் எது இருக்கிறதோ அதையே பள்ளியிலும் ஆதாரிலும் எழுதுங்கள்.