கிளேட்டன் போனால் என்ன, அந்த நாலு பேர் இருக்கிறார்கள்

தீபாவளி முறுக்கு டப்பா இன்னும் காலியாகவில்லை, அதற்குள் தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் வாட்ஸ்அப் குழுவில் ஃப்ளோரிடா கல்லூரி கூடைப்பந்து அணியைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். 2025 ஏப்ரலில் சாம்பியன் ஆன அணி. வெளியே நின்று பந்தை நடத்தும் மூன்று கார்டுகளும், அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏ புது ஆட்களை எடுக்கும் டிராஃப்டில் போய்விட்டார்கள், இனி அந்த அணியில் என்ன இருக்கிறது என்று இங்கே டர்பனின் ஃபீனிக்ஸில் இருந்து ஒரு அண்ணா எழுத, ஆளாளுக்கு ஆமாம் போட்டார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. சரி, இங்கேயே முழுதாக எழுதிவிடுகிறேன்.

முதலில் போனவர்களைச் சொல்லிவிடுகிறேன், அதை மறைத்துப் பேசினால் நியாயமில்லை. வால்ட்டர் கிளேட்டன் ஆட்டத்துக்கு 18.3 புள்ளி, அலிஜா மார்ட்டின் 14.4, வில் ரிச்சர்ட் 13.3. மூவரையும் கூட்டினால் 46. அணி எடுத்த புள்ளிகளில் பாதிக்கு மேல் இவர்கள் கையிலிருந்து வந்தது. கிளேட்டன் 18ஆவது ஆளாக எடுக்கப்பட்டு யூட்டாவுக்குப் போனார், மார்ட்டின் டொராண்டோவுக்கு, ரிச்சர்ட் கோல்டன் ஸ்டேட்டுக்கு. பெஞ்சிலிருந்து வந்து கடைசி நிமிடங்களில் நிதானமாக நின்ற டென்சல் அபர்டீனும் கென்டக்கிக்கு மாறிவிட்டார். இது சின்ன இழப்பு என்று யாராவது சொன்னால் அவர் ஆட்டம் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். அரையிறுதியில் ஆபர்னுக்கு எதிராக கிளேட்டன் அடித்த 34 புள்ளிகளைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

ஆனால் இறுதி ஆட்டத்தின் கடைசி சில விநாடிகளை நினைத்துப் பாருங்கள். நமக்கு ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை, அதிகாலை. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டு ஹாலில் நாலு பேர், சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுத் தாத்தா எழுந்துவிடுவார் என்று வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இரண்டாம் பாதியில் ஒரு கட்டத்தில் ஃப்ளோரிடா 12 புள்ளி பின்னால் இருந்தது. இப்போது 65-63 முன்னால். பந்து ஹூஸ்டனிடம். இமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளிக்கு எழும்புகிறார், கிளேட்டன் பாய்ந்து வருகிறார், ஷார்ப் எறிய முடியாமல் பந்தைக் கீழே விட்டுவிடுகிறார். அவரே மறுபடி தொட்டால் டிராவலிங் என்கிற விதிமீறல், அதனால் பந்து தரையில் துள்ளுவதை அவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இதுவரை எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஏழடிக்கு ஒரு அங்குலம் குறைந்த ஒரு பையன் அப்படியே தரையில் விழுந்து பந்தை மடக்கினார். அலெக்ஸ் காண்டன். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து வந்தவர், ஃபுட்டி என்கிற அவர்கள் ஊர்க் கால்பந்து ஆடி வளர்ந்தவர், தரையில் கிடக்கும் பந்துக்கு விழுவது அவருக்கு உடம்பிலேயே ஊறியது. நேரம் முடிந்தது.

அந்தக் காண்டன் திரும்பி வந்திருக்கிறார். டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, மே மாதக் கடைசியில் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். ரூபன் சினியேலுவும் அப்படியே. தாமஸ் ஹாவும் இங்கேதான். மைக்கா ஹேண்ட்லாக்டனும் இங்கேதான். அதாவது சாம்பியன் அணியின் உயரமான வரிசையில் முக்கியமானவர்கள், கூடைக்கு அடியில் நின்று இடித்துத் தள்ளிய அந்த நாலு பேரும், ஒருவர் குறையாமல் அப்படியே இருக்கிறார்கள். இப்போதைய கல்லூரிக் கூடைப்பந்தில் இது எவ்வளவு அபூர்வம் என்று தெரிந்தால்தான் நான் ஏன் இப்படிக் குதிக்கிறேன் என்று புரியும். 2024இலிருந்து ஒரு மாணவர் எத்தனை முறை கல்லூரி மாறினாலும் உடனே ஆடலாம் என்று ஆகிவிட்டது. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம், ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டும் சேர்த்து முதல் வருடத்தில் சுமார் 20.5 மில்லியன் டாலர் வரை. ஏப்ரல் வந்தால் பாதி அணிகள் கலைந்து, சந்தையில் காய்கறி வாங்குவதுபோல் புது ஆட்களை வாங்கி, நவம்பரில் ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமல் ஆட ஆரம்பிக்கிறார்கள். அந்த நேரத்தில் நாலு பெரிய ஆட்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு இரண்டாம் வருடமும் சேர்ந்து நிற்பது விலைக்குக் கிடைக்காத விஷயம்.

ஃப்ளோரிடாவுக்கு இதில் ஒரு பழைய கதையும் உண்டு. 2006இல் சாம்பியன் ஆன அவர்களுடைய அணியில் ஜோக்கிம் நோவா, ஆல் ஹார்ஃபோர்ட், கோரி புரூவர் எல்லோரும் என்பிஏவுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. தொடக்க ஐவரும் திரும்பி வந்தார்கள், 2007இலும் கோப்பையைத் தூக்கினார்கள். அதே வருடம் டிராஃப்டில் ஹார்ஃபோர்ட் 3, புரூவர் 7, நோவா 9. ஒரு வருடம் காத்திருந்ததால் யாரும் கெட்டுப்போகவில்லை.

இந்த நாலு பேரில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் சினியேலு. நைஜீரியப் பையன், செனகலில் இருக்கும் என்பிஏ அகாடமியில் வளர்ந்தவர், ஆப்பிரிக்க லீகில் மாலி நாட்டு அணிக்கு ஆடியவர், அப்புறம் அமெரிக்காவில் முதல் வருடம் வாஷிங்டன் ஸ்டேட், அடுத்து ஃப்ளோரிடா. போன சீசனில் அவர் சராசரி 6 புள்ளிதான். அந்த எண்ணைப் பார்த்துத்தான் எங்கள் குழுவில் அவரைக் கணக்கிலேயே எடுக்காமல் பேசுகிறார்கள். அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது பந்தைப் பார்க்காதீர்கள், ஒரு ஐந்து நிமிடம் அவரை மட்டும் பாருங்கள். ஷாட் கையை விட்டுக் கிளம்பியதும் எல்லோரும் மேலே பார்ப்பார்கள், அவர் பார்க்க மாட்டார். முதலில் எதிராளியைத் தேடி, இடுப்பை அவர் தொடைமேல் வைத்து, முதுகால் ஒரு அடி பின்னால் தள்ளிவிட்டு, அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்குவார். பந்து அவர் கைக்கு வராமல் காண்டன் கைக்கோ ஹா கைக்கோ போகும், ரீபவுண்ட் அவர்கள் பெயரில் எழுதப்படும். அந்த ஒரு அடி இடத்தைப் பிடித்துக் கொடுத்தது யார் என்று எந்த அட்டவணையிலும் வராது.

நான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கோயம்புத்தூரில் கல்லூரி அணியில் மூன்று வருடம் சென்டர் ஆடியவன் நான். டர்பனுக்கு வேலைக்கு வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, சனிக்கிழமை காலையில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டு கூடையில் ஒன்றின் வளையம் வளைந்து ஒரு வருடம் ஆகிறது, சரிசெய்ய வேண்டியவர்களுக்கு எழுதி எழுதி ஓய்ந்து, இருக்கிற ஒரு கூடையில் பதினெட்டுப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். அதில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், வயதுக்கு மீறிய உயரம், கை நீளம். அவனை ஷாட் அடிக்கவிடாமல் மூன்று மாதம் பாக்ஸ் அவுட் மட்டும் பழக்கினேன். தரையில் டேப் ஒட்டி, அந்தக் கோட்டுக்குப் பின்னால் எதிராளியை நிறுத்தி வைப்பது மட்டும்தான் வேலை. ஒரு சனிக்கிழமை அவனுடைய பாட்டி வந்து பெஞ்சில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, "தம்பி, என் பேரன் ஒரு பந்துகூடப் போடலையே, எல்லாரையும் முதுகால தள்ளிக்கிட்டே இருக்கானே, அவனுக்கு வராதா?" என்றார். "பாட்டி, அவன் தள்ளினதால்தான் மற்றவங்க போட்டாங்க" என்றேன். அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அடுத்த வாரம் பையனிடம் என் போனில் சினியேலு ஆடும் காட்சிகளைப் போட்டுக் காட்டினேன். ஒரே துண்டை ஆறு ஏழு முறை திருப்பிப் போட்டுப் பார்த்தான். பிறகு எழுந்து போய் டேப் கோட்டில் நின்றுகொண்டான், நான் கூப்பிடவே இல்லை. இப்போது எங்கள் பிள்ளைகள் நடுவில் அவர் பெயர் நம்ம ரூபன். நம் தமிழ் வீடுகளிலும் இருக்கிற பெயர்தானே, சட்டென்று ஒட்டிக்கொண்டது.

மற்றவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹா போன வருடம் பெஞ்சிலிருந்துதான் வந்தார், அப்படி வந்தே சராசரி பத்துக்குப் பக்கம். டெக்ஸஸ் டெக் ஆட்டத்தில் மூன்று நிமிடம்கூட இல்லாதபோது ஒன்பது புள்ளி பின்னால் இருந்து மீண்டார்களே, அதில் அடுத்தடுத்து விழுந்த மூன்று புள்ளி ஷாட்கள் இரண்டும் இவருடையவை. இந்த வருடம் தொடக்கத்திலிருந்தே ஆடப்போகிறார். இன்னும் இரண்டு வருடத்தில் என்பிஏவில் இவர் பெயர் பெரிதாகக் கேட்கும் என்பது என் கணிப்பு, காண்டனைவிடப் பெரிதாக. ஹேண்ட்லாக்டன் 2024 மார்ச்சில், ஃப்ளோரிடா ஆடும் எஸ்இசி லீகின் இறுதி ஆட்டத்தில் கால் முறிந்து ஸ்ட்ரெச்சரில் போனவர், ஒரு வருடம் ஆடப்போவதில்லை என்று முடிவாகியிருந்த நேரத்தில் அணிக்கு ஆள் குறைகிறது என்று பிப்ரவரியில் இறங்கினார். அப்படி ஒருவர் பெஞ்சில் இருந்தால் மற்ற பதினான்கு பேரின் முதுகெலும்பும் நிமிரும். கடைசியாக ஒலிவியே ரியூ, கனடாக்காரர், ஏழடி ஒன்பது அங்குலம். போன வருடம் முழுக்க ஆடாமல் பயிற்சி மட்டும். அவருக்கு நிமிடங்கள் அதிகம் கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் தினமும் பயிற்சியில் அந்த உயரத்துக்கு மேலே ஷாட் எறிந்து பழகியவனுக்கு எந்த சென்டரைப் பார்த்தாலும் பயம் வராது.

இனி எனக்கு உள்ள கவலை. முக்கியமான புது கார்டுகள் இரண்டு பேர். பூகி ஃப்ளாண்ட், ஆர்கன்சாவில் கை விரல் காயத்தால் இடையில் தடைபட்ட முதல் வருடம், 13.5 புள்ளி, 5 அசிஸ்ட். ஸேவியன் லீ, டொராண்டோ பையன், பிரின்ஸ்டனில் 16.9 புள்ளி எடுத்தவர். இரண்டு பேருமே திறமைசாலிகள், அதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு பேரும் பந்தைத் தங்கள் கையில் வைத்து ஆடிப் பழகியவர்கள். பந்து ஒன்றுதான். கிளேட்டனும் ரிச்சர்டும் பந்து இல்லாமலே ஓடி, மூலையில் நின்று, வந்ததும் மூன்று புள்ளிக்கு எறிவார்கள், அதனால் எதிரணி உள்ளே நெருங்க முடியாது. இந்த வருடம் வெளியிலிருந்து விழாவிட்டால், எதிரணி ஐந்து பேரும் கூடைக்கு அடியில் வந்து நின்று காண்டனையும் சினியேலுவையும் அடைத்துவிடுவார்கள். பிரின்ஸ்டன் ஆடும் லீகில் இருக்கிற உடம்புகளும் எஸ்இசியில் இருக்கிற உடம்புகளும் வேறு, ஸேவியனுக்கு அது பழக இரண்டு மாதமாவது ஆகும். ஸ்லோவேனியாக்காரர் உர்பன் கிளாவ்ஷாருக்கு அதிக நிமிடம் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை, ஷாட் நேராக இருக்கிறது.

ஆகவே டிசம்பரில் இரண்டு மூன்று தோல்வி வந்தால் நான் பதற மாட்டேன், நீங்களும் பதறாதீர்கள். ஆட்ட அட்டவணை லேசானது இல்லை. முதல் ஆட்டமே லாஸ் வேகாஸில் அரிசோனாவோடு. டிசம்பர் 2 டியூக்கின் சொந்த மைதானத்தில், அடுத்த வாரமே நியூயார்க்கில் யூகான் அணியோடு. பத்திரிகையாளர்கள் சீசனுக்கு முன் போட்ட பட்டியலில் ஃப்ளோரிடாவுக்கு மூன்றாம் இடம், பர்டூவும் ஹூஸ்டனும் மேலே. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. பயிற்சியாளர் டாட் கோல்டன் கார்டுகளைப் பொருத்தி எடுக்கத் தெரிந்தவர், கிளேட்டனே ஐயோனாவிலிருந்து வந்தவர்தான், மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லாண்டிக்கிலிருந்து. வெளியிலிருந்து வருகிற கார்டை வளைத்து எடுத்துவிடலாம். ஒருவர் முதுகை ஒருவர் அறிந்த நாலு பெரிய ஆட்களை ஒரு கோடையில் உண்டாக்க முடியாது.

இங்கே நம் ஊரில் யாராவது கூடைப்பந்து நமக்கு எதற்கு என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஸ்டீவ் நாஷ் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், குழந்தையாக இருக்கும்போதே கனடா போய்விட்டார் என்றாலும் பிறந்த மண் இதுதான், என்பிஏவின் சிறந்த ஆட்டக்காரர் விருது இரண்டு முறை. 2025 ஜூனில் ஆப்பிரிக்க லீகின் இறுதிச்சுற்று பிரிட்டோரியாவில்தான் நடந்தது. சினியேலு வந்த அதே லீக். நம் பிள்ளைகளுக்கு வழி எங்கோ கண்காணாத தூரத்தில் இல்லை. வளையம் ஒன்றை நிமிர்த்திக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நவம்பர் 4 அதிகாலை, செவ்வாய். அரிசோனா ஆட்டம். என் வீட்டு ஹால் திறந்திருக்கும். ஃபீனிக்ஸ் அண்ணா, நீங்களும் வாருங்கள், நேரில் பேசிக்கொள்வோம். அந்தப் பையனும் வருகிறான், மறுநாள் பள்ளி இருக்கிறது என்று வீட்டில் விடவில்லையாம், பாட்டிதான் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்திருக்கிறார். தானும் வந்து பார்ப்பதாகச் சொன்னாராம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சினியேலுவைக் காட்டிக் கொடுக்க வேண்டும்.