நாடியையும் பாருங்கள்

மூக்கை வடிவாக்கும் சத்திரசிகிச்சை பற்றிய உங்கட கட்டுரையில், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள கோணம் பெண்களுக்கு 95 முதல் 110 பாகை, ஆண்களுக்கு 90 முதல் 95 பாகை இருந்தால் வடிவு என்று போட்டிருக்கிறீர்கள். சரி, பாடப்புத்தகக் கணக்கு அதுதான், ஆனால் அவை பெரும்பாலும் ஐரோப்பிய முகங்களை வைத்து வந்த அளவுகள் என்பதையும் ஒரு வரி எழுதியிருக்க வேணும். எங்கட ஆட்களில் பல பேருக்கு மூக்கு நுனியில் தோல் தடிப்பு, உள்ளே குருத்தெலும்பை எவ்வளவு செதுக்கினாலும் வெளியில் அவ்வளவு கூராகத் தெரியாது.

அதைவிட, நாடியைப் பற்றி, அதாவது மோவாயைப் பற்றி, ஒரு சொல்லும் இல்லை! நாடி உள்வாங்கியிருந்தால் அளவான மூக்கும் பெரிதாகத்தான் தெரியும். என் மச்சாளின் மகள் மூக்கைக் குறைக்கவேணும் என்று கொழும்புக்குப் போனாள், டொக்டர் அவளின் பக்கவாட்டுப் படத்தில் நெற்றியிலிருந்து நாடிவரை கோடு கீறி, மூக்கு சரியாக இருக்கு, நாடிதான் பின்னுக்கு நிற்குது என்று காட்டினார். கிட்டப் பிடித்து எடுத்த செல்பியை வைத்து முடிவெடுக்கிற பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள், அதில் யாருடைய மூக்கும் பெருத்துத்தான் விழும். அப்புறம், சத்திரசிகிச்சைக்குப் பிறகு மூக்கு நுனி வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம்கூட எடுக்கும், கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது போய்ச் செய்யாதீர்கள்.