பிஎச்டி பண்ணின வருஷமெல்லாம் எந்தக் கணக்குல சேரும்?

"முன் அனுபவம்: எத்தனை ஆண்டுகள்?" வேலைக்கான ஆன்லைன் படிவத்துல இந்தக் கட்டத்தைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. தொட்டா ஒரு பட்டியல் விரியும்: 0–1, 2–3, 4–6. பிஎச்டி பண்ணின வருஷங்களை இதுல எங்கே வைக்கிறது? 4–6-ன்னு போட்டா ஹெச்ஆர்ல இருந்து போன் வரும்: "சார், அது படிப்புதானே? இண்டஸ்ட்ரி அனுபவம் எவ்வளவு?" சரின்னு 0-வைத் தட்டி ஃப்ரெஷர் வேலைக்குப் போனா, "நீங்க ஓவர் குவாலிஃபைடு, வேற இடம் கிடைச்சா கிளம்பிடுவீங்க"ங்கிறாங்க. அனுபவமே இல்லைங்கிறதும் நீங்கதான், தகுதி ஜாஸ்திங்கிறதும் நீங்கதான். ஏதாவது ஒரு பேச்சுல நில்லுங்கப்பா!

படிப்பாம் படிப்பு. பாடம் நடத்தி, பரீட்சை வச்சு, மார்க் போடுறதெல்லாம் கோர்ஸ்வொர்க்கோட முடிஞ்சு போகும். அதுக்கப்புறம் வழிகாட்டுற பேராசிரியருக்கே விடை தெரியாத ஒரு கேள்வியோட தனியா உட்காரணும். மாசக்கணக்கா ஓட்டின பரிசோதனை சொதப்பினா, கோளாறு சாம்பிள்லயா, கருவியிலயா, நான் எழுதின கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்லயா, இல்ல கேள்வியே தப்பான்னு ஒவ்வொண்ணாக் கழிச்சுக்கட்டணும். கருவி படுத்துட்டா சப்ளையரோட மல்லுக்கட்டுறது நாங்க. நிதி விண்ணப்பத்துக்கு பட்ஜெட் போடுறது நாங்க. புதுசா வந்த ஜூனியருக்குக் கத்துக்கொடுக்குறதும் நாங்க. கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பினா, அதைச் சரிபார்க்கிற நிபுணர்கள்ல ரெண்டாவது ரிவ்யூவர் பக்கம் பக்கமாக் கிழிச்சுத் தொங்கவிடுவார் (எப்பவுமே ரெண்டாவது ஆள்தான், அது என்ன ராசியோ). வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிட்டு, "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி"ன்னு ஆரம்பிச்சு ஒவ்வொரு கருத்துக்கும் வரிக்கு வரி பதில் எழுதணும். இதையே ஒரு கம்பெனியில செஞ்சா ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட், வெண்டார் மேனேஜ்மென்ட்னு பேரு வச்சு, சம்பளம் கொடுத்து, கடைசியில அனுபவச் சான்றிதழும் தர்றாங்க.

எல்லா இடத்துலயும் இதைப் படிப்புன்னு ஒதுக்கிடலையே. நெதர்லாந்துல பிஎச்டி பண்றவங்கள்ல ரொம்பப் பேர் பல்கலைக்கழக ஊழியர்கள். ஒப்பந்தம் உண்டு, மாசச் சம்பளம் உண்டு. பிரான்ஸ்ல 1981-லேர்ந்து 'சிஃப்ர்'னு ஒரு திட்டம் இருக்கு: கம்பெனியே ஆளை வேலைக்கு எடுக்கும், அரசு மானியம் கொடுக்கும், அங்கே செய்ற ஆராய்ச்சிதான் ஆய்வேடு. அதே வேலை, அதே ராத்திரி முழிப்பு. இங்கே நாங்க செஞ்சா மட்டும் பொழுதுபோக்கா?

இண்டர்வியூ கூத்து தனி. "உங்க தீசிஸை ரெண்டு நிமிஷத்துல சொல்லுங்க"ம்பாங்க. முதல் வாக்கியம் முடியறதுக்குள்ள எதிர்ல இருக்கிறவர் கண்ணு போனுக்குப் போயிடும். நிமிர்ந்து, "வெரி நைஸ். எக்செல் தெரியுமா?"ன்னு கேட்பார். தெரியும் சார். நீங்க இப்ப கேட்காம விட்டதுல, லட்சக்கணக்கான வரி டேட்டாவை எப்படிச் சுத்தம் பண்ணினேன்னு இருந்துச்சு.

உடனே ஒருத்தர் கிளம்புவார்: "கூகுள் ஆரம்பிச்சவங்களே பிஎச்டியைப் பாதியில விட்டவங்கதானே?" ஆமா, விட்டாங்க. தேடல் முடிவுகளை வரிசைப்படுத்துற, கூகுளோட ஆணிவேரான பேஜ்ரேங்க் எங்கே பொறந்துச்சு? ஸ்டான்ஃபோர்டுல அவங்க பண்ணிட்டிருந்த அதே ஆராய்ச்சியிலதான். 1982-ல ரெனைசான்ஸ் டெக்னாலஜிஸ்ங்கிற முதலீட்டுக் கம்பெனியை ஆரம்பிச்ச ஜிம் சைமன்ஸ் கணிதத்துல பிஎச்டி. பங்குச்சந்தையில ஊறின ஆளுங்களை விட்டுட்டுக் கணிதம், இயற்பியல் பண்ணினவங்களைத் தேடித்தேடி எடுத்தார். நிதித்துறை அனுபவம் எத்தனை வருஷம்னு அவர் கட்டம் போட்டு வடிகட்டியிருந்தா அந்தக் கம்பெனியே இருந்திருக்காது.

கம்பெனிகளை மட்டும் திட்டினா பத்தாது, பல்கலைக்கழகத்துக்கும் இதுல பங்கு இருக்கு. ஒரு பேராசிரியர் தன் காலத்துல எத்தனையோ பேரை முனைவராக்கி அனுப்புறார். அவர் ஓய்வு பெறும்போது காலியாகிறது ஒரே ஒரு நாற்காலி. மீதிப் பேர் எங்கே போவாங்க? பிரிட்டனோட ராயல் சொசைட்டி 2010-ல வெளியிட்ட அறிக்கையில, அறிவியல் பிஎச்டி முடிச்சவங்கள்ல பேராசிரியர் ஆகுறவங்க 0.45 சதவீதம்னு போட்டிருந்தாங்க. நூத்துக்கு ஒருத்தர்கூடத் தேறல. பாதிக்கு மேல பட்டம் வாங்கின கையோட அறிவியலை விட்டே வெளியே போயிடுறாங்களாம். இதெல்லாம் தெரிஞ்சும், "நான் இண்டஸ்ட்ரிக்குப் போறேன்"னு சொன்னா எழவுச் செய்தி கேட்ட மாதிரி பேராசிரியருக்கு முகம் மாறுது. ரெஸ்யூமே எப்படி எழுதுறதுன்னு ஒரு மணி நேரம் சொல்லித்தர நாதி இல்ல. பப்ளிகேஷன் லிஸ்ட்டை அப்படியே கம்பெனிக்கு அனுப்புற அப்பாவிங்களை உருவாக்கினது யாரு?

பணம் மட்டும்தான் குறின்னா பிஎச்டி பக்கமே வராதீங்க, அதை நான் மறுக்கல. மருந்து ஆராய்ச்சி மாதிரி சில இடங்கள்ல அந்தப் பட்டம் இல்லாம ஒரு எல்லைக்கு மேல ஏறுறது கஷ்டம். நிறைய இடங்கள்ல அதுக்குன்னு அஞ்சு பைசா கூடக் கிடைக்காது. வேண்டாம்னா வேண்டாம்னு விளம்பரத்துலயே சொல்லிடுங்க. "பிஎச்டி இருந்தால் முன்னுரிமை"ன்னு போட்டுக் கூப்பிட்டு, மாஸ்டர்ஸ் முடிச்சவருக்கான கிரேடுல உட்கார வைக்கிறது என்ன நியாயம்?

போன வாரம் ஒரு வேலைவாய்ப்பு ஆலோசகர் அக்கறையோட வழி சொன்னார்: "பிஎச்டியை ரெஸ்யூமேல இருந்து தூக்கிடுங்க, இண்டர்வியூ கால் வரும்." தூக்கினேன். கால் வந்துச்சு. முதல் கேள்வியே, "இவ்வளவு பெரிய கேப் இருக்கே, இத்தனை வருஷம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" ஜெயில்ல இருந்தேன்னு சொல்லியிருந்தா அடுத்த கேள்வியாவது கொஞ்சம் ஆர்வமா வந்திருக்கும்.