மைக்செட்காரர் கேட்ட கதை

(கோவில்பட்டி. எழுத்தாளர் வட்டத்தின் மாதக் கூட்டம் முடிந்த சாயங்காலம். கூடத்தில் கடலைமிட்டாய்த் தாள்களும் இரண்டே பேரும். கடைசியாகச் சிறுகதை படித்த எழுத்தாளர் ஒருவர். இன்னொருவர், உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாக வயரைச் சுற்றிக்கொண்டிருக்கும் மைக்செட்காரர்.)

எழுத்தாளர்: தம்பி, மறைக்காமல் சொல். நான் படிக்க எழுந்தபோது எத்தனை பேர் இருந்தார்கள்?

மைக்செட்காரர்: ஒன்பது பேர், அண்ணாச்சி. தொண்டையைச் செருமினீர்கள், ஆறு பேர் ஆனார்கள். "இது கொஞ்சம் நெடிய சிறுகதை" என்றீர்கள். அப்புறம் நானும் தலைவரும்தான்.

எழுத்தாளர்: தலைவராவது இருந்தாரே!

மைக்செட்காரர்: நாற்காலி வாடகைக்காரர் வந்து எழுப்புகிற வரைக்கும் இருந்தார்.

எழுத்தாளர்: ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் படித்தபோது மட்டும் கூடம் நிறைய ஆள்!

மைக்செட்காரர்: அவருடையது எட்டே வரிக் கவிதை.

எழுத்தாளர்: எட்டு வரியா? அரை மணி நேரம் நின்றாரே!

மைக்செட்காரர்: கவிதை பிறந்த கதை கால் மணி நேரம். பிறகு, கவியரங்கப் பழக்கம், ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை. நடுவில் யாரோ "ஆ..." என்று கொட்டாவி விட்டார்கள். பாராட்டுகிறார்கள் என்று நினைத்து அந்த வரியை மூன்றாவது தடவையும் சொன்னார்.

எழுத்தாளர்: அந்தக் காலத்தில் வில்லிபுத்தூரார் கையில் துறட்டியோடு உட்காருவாராம். பாட்டில் தப்பு வந்தால் பாடினவர் காது போச்சு. ஒட்டக்கூத்தர் தலையையே எடுத்துவிடுவார் என்பார்கள். இப்போது கேட்க ஆள் உண்டா? எதைப் படித்தாலும் "அருமை, அருமை!"

மைக்செட்காரர்: வில்லிபுத்தூரார் வந்தால் நம் வட்டத்தில் ஒருவருக்கும் மூக்குக்கண்ணாடி நிற்காது அண்ணாச்சி. அப்போது பாடினவருக்குக் காது போனது, இப்போது கேட்கிறவருக்குப் போகிறது.

எழுத்தாளர்: அந்தப் போஸ்ட்மாஸ்டர் என் கதைக்கு இருந்திருக்கக் கூடாதா? படித்த கையோடு, "பேத்திக்குக் காய்ச்சல்" என்று நழுவிவிட்டார்.

மைக்செட்காரர்: மாதாமாதம் கூட்டத்தன்றைக்கு மட்டும் வருகிற காய்ச்சல்.

எழுத்தாளர்: ஆக, கதையை முழுசாகக் கேட்டது நீ ஒருத்தன்தான்.

மைக்செட்காரர்: ஆம்ப்ளிஃபயர் என்னுடையது. விட்டுவிட்டு எங்கே போவேன்?

எழுத்தாளர்: அதனால்தான் கேட்கிறேன். கதை எப்படி?

மைக்செட்காரர்: (வயரைக் கீழே வைத்து) கோபித்துக்கொண்டு வாடகைப் பாக்கியை நிறுத்தக் கூடாது.

எழுத்தாளர்: சும்மா சொல்லப்பா.

மைக்செட்காரர்: முதல் பக்கத்தில் வானம் கறுக்கிறது. இரண்டாம் பக்கத்தில் காற்று. நாலாம் பக்கம் முடிந்தும் மழை வரவில்லை. ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆக 14 வருஷம் ஆயிற்று, 2021 டிசம்பரில்தான் ஏறியது. உங்கள் மழை அதைவிட நிதானம்.

எழுத்தாளர்: கரிசல் பூமியப்பா! மானாவாரிக்காரனுக்கு மழைக்குக் காத்திருப்பதுதான் வாழ்க்கையே. பக்கத்து இடைசெவலைப் பார். கு. அழகிரிசாமிக்கு 1970, கி. ராஜநாராயணனுக்கு 1991. ஒரே கிராமத்துக்கு இரண்டு சாகித்ய அகாதமி!

மைக்செட்காரர்: அதற்காகத்தானே கேனை எடுத்துக்கொண்டு போய் அந்த ஊர்த் தண்ணீரைப் பிடித்து வந்தீர்கள்?

எழுத்தாளர்: இதை யார் உனக்குச் சொன்னது?

மைக்செட்காரர்: நீங்கள்தான். கதைக்கு முன்னுரையில். மைக்கில்.

எழுத்தாளர்: ...சரி, நல்லதாக ஒன்றுகூடத் தேறவில்லையா?

மைக்செட்காரர்: தேறியது. கண் தெரியாத பாட்டி தீப்பெட்டி ஒட்டுகிறாளே, அந்த இடம். பேரன் ஒட்டின பெட்டியை எடுத்து ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, "இது வேண்டா வெறுப்பாக ஒட்டினது" என்கிறாள். ஃபேன் சத்தம் இடைஞ்சலாக இருந்தது, எழுந்து போய் நிறுத்தினேன். வாயில் போட்ட கடலைமிட்டாயைக் கடிக்கத் தோன்றவில்லை.

எழுத்தாளர்: (குரல் இளகி) கடிக்கவே இல்லையா?

மைக்செட்காரர்: எச்சிலில் ஊறியே கரைந்துவிட்டது. 2020-இல் புவிசார் குறியீடு வாங்கின மிட்டாய், அதற்கே அந்தக் கதி.

எழுத்தாளர்: அது எத்தனையாவது பக்கம்?

மைக்செட்காரர்: பதினொன்று. அதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடுங்கள்.

எழுத்தாளர்: ஒரு பக்கம்தானேப்பா மிஞ்சும்!

மைக்செட்காரர்: ஓடுகிறவன் செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் முழுக்கதையையும் கேட்டிருப்பானே.

எழுத்தாளர்: (காகிதங்களைப் புரட்டுகிறார். முகம் மலர்கிறது.) மூன்று நிமிஷத்தில் முடித்துவிடலாம்! செயலாளரிடம் சொல்லி அடுத்த மாதம் முதல் ஆளாகப் பெயரைப் போட்டுவிட வேண்டும்.

மைக்செட்காரர்: தாராளமாக. எல்லாரும் இருப்பார்கள்.

எழுத்தாளர்: அவர்கள் இருக்கட்டும். நான் படித்துவிட்டு ஐந்தரை பஸ்ஸைப் பிடித்துவிடலாம், இல்லையா?

மைக்செட்காரர்: உங்களுக்குப் பேத்தி உண்டா, அண்ணாச்சி?

எழுத்தாளர்: பேரன்.

மைக்செட்காரர்: அவனுக்குப் பல்வலி என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலைப் போஸ்ட்மாஸ்டர் எடுத்துக்கொண்டார்.